நாற்காலி ஒன்று, நாலாயிரம் பேசோ

பூன்டா அரீனாஸில் காற்றடிக்கும் நாட்களில்
மனிதர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருவோரம் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
அதைப் பிடித்தபடிதான் போய்ச் சேர்ந்தேன்,
இழுவைப்படகு நிறுவனம் ஒன்றுக்கு
விலை போட.

படகு ஐந்து. எஞ்சின் பத்து.
வடம் ஆயிரத்து நூறு மீட்டர், பாதி நைந்தது.
பட்டறை, டீசல் தொட்டி, மைக்ரோவேவ்.
மாடியில் வானொலி அறை.
அங்கே கை உடைந்த நாற்காலி ஒன்று:
நாலாயிரம் பேசோ என்று குறித்தேன்.
அதில் உட்கார்ந்திருந்த இவெலீஸ் மர்தினிச்
"நான் எழுந்துகொண்டால்
விலை கூடுமா, குறையுமா?" என்றாள்.
சிரித்து வைத்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்றிரவு லைபீரியக் கொடியோடு ஒரு கப்பல்
உள்ளே வர இழுவை கேட்டது.
காற்று அறுபது நாட்.
ஒயார்சூன் எஞ்சினை முடுக்கிவிட்டார்.
வடத்தண்டை நின்ற யெர்கோ,
வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான பையன்,
"எனக்குச் சரியாகப் படவில்லை" என்றான்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
எஞ்சின் அணைந்தது.
மாடியில் இவெலீஸ்
கப்பலோடு பேசிக்கொண்டிருந்தாள்:
"கேப்டன், சூப் குடித்தீர்களா?
போய்க் குடியுங்கள்.
நாலு மணிக்குக் காற்று களைத்துவிடும்."
அவள் முகத்தை ஒருநாளும் பார்த்திராத அந்த மனிதர்
சரி என்று நங்கூரம் போட்டார்.
காற்று களைக்க நாலே முக்கால் ஆயிற்று.
அதற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

விடுதிக்குத் திரும்பி ஐந்தொகையைத் திறந்தேன்.
அசையும் சொத்து. அசையாச் சொத்து.
ஒரு படகை அசையாமல் நிறுத்திய
அந்தப் பையனின் மூன்று சொல்
எதில் சேரும்?

எங்கள் தொழிலில் வழி வைத்திருக்கிறார்கள்.
கேட்கும் விலையிலிருந்து
எண்ண முடிந்ததையெல்லாம் கழி.
வடிகட்டியில் நின்றதை எண்ணியாயிற்று,
வழிந்து போனதற்கு
நன்மதிப்பு என்று பேர்.
நானூற்றுப் பன்னிரண்டு கோடி பேசோ.
கூட்டல் கழித்தல் பிசகில்லை.
எதை எழுதியிருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

சந்தியாகோவில் ஒரு பதினேழாம் மாடி
அதை வாங்கியது.
கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன்.
எஞ்சினைப் புதுப்பித்தார்கள்,
வடம் முழுவதும் மாற்றினார்கள்,
மைக்ரோவேவைக்கூட.
வானொலி அறையை மட்டும் தூக்கி
இரண்டாயிரம் கிலோமீட்டர் வடக்கே
ஒரு கணினித் திரைக்குள் வைத்தார்கள்.
படகை நிறுத்த வேண்டுமா,
பட்டியலில் பதினொரு காரணம் இருக்கிறது,
ஒன்றைத் தொடு.
'சரியாகப் படவில்லை'
பன்னிரண்டாவதாகவும் இல்லை.

எதுவும் மூழ்கிவிடவில்லை.
மூழ்கியிருந்தால் அறிக்கை எழுதச் சுலபம்.
ஒரு கப்பல் காத்திருக்க மறுத்தது.
இன்னொன்று "அந்தப் பெண் எங்கே?" என்று கேட்டு,
பதிலைக் கேட்டதும்
அலைவரிசையை மாற்றிக்கொண்டது.
ஒயார்சூன் தலையாட்டப் பழகினார்.
யெர்கோ வாய் திறக்காமல் இருக்கப் பழகினான்;
அதற்கும் மூன்று வாரம்தான் பிடித்தது.

பத்தொன்பது மாதம் கழித்து என்னையே அழைத்தார்கள்,
நான் போட்ட தொகையை நானே அடிக்க.
எஞ்சினுக்குத் தேய்மானம் உண்டு,
வருஷத்துக்கு இவ்வளவு என்று அட்டவணை உண்டு.
இது தேயவில்லை.
எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு,
மூன்று கிழட்டுப் படகு வைத்திருக்கும்
பர்ரியா சகோதரர்களிடம் போய்
உட்கார்ந்துவிட்டது.

மாடி அறையைத் திறந்து விட்டார்கள்.
நாற்காலி அங்கேயே கிடந்தது.
உட்கார்ந்து பார்த்தேன்.
கை உடைந்த பக்கமாகவே சரிந்தேன்.
அவள் எப்படி நிமிர்ந்திருந்தாளோ.
கீழே காவலாளியின் சட்டைப்பையில்
சின்ன வானொலி கரகரத்தது:
"கேப்டன், சூப் குடித்தீர்களா?"
அவன் அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தான்.

நன்மதிப்பு: பூஜ்யம்.
நாற்காலி ஒன்று: நாலாயிரம் பேசோ.
விலையில் மாற்றமில்லை.